சேனாதிபதி கடலுக்கு இறங்கிய கதை

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்து வேன் ஸ்டாண்டில் போய் சேனாதிபதி எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். ‘பன்னெண்டு பாயிண்ட்’ எங்கே என்று கேளுங்கள், உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். காதோடு இழுத்து மூடிய மங்கி குல்லா, அதற்கு மேலே ஒரு மஃப்ளர், அதற்கும் மேலே கொஞ்சம் மிதப்பு. அவர்தான். தன் வேனில் ஏறினால் பன்னிரண்டு இடம் பார்க்கலாம் என்று பூம்பாறை வேலப்பர் மேல் சத்தியம் செய்வார். அதில் பாதி பனிமூட்டத்துக்குள் கிடக்கும். “எதுத்தாப்ல மூணு பாறை தூண் மாதிரி நிக்குது சார், கொஞ்சம் விலகட்டும்” என்று வெறும் வெள்ளையை அரைமணி நேரம் பார்க்க வைப்பார். மிச்சத்தில் ஒன்றிரண்டுக்கு அன்றைக்கென்று பார்த்து ரோடு அடைத்திருக்கும். கடைசி இரண்டு பாயிண்ட் சாக்லேட் கடையும் தைலக்கடையும். அந்த இரண்டும் எந்த மூட்டத்திலும் மறைந்ததில்லை.

இப்படிச் சொல்வதால் ஆளைத் தப்பாக நினைக்கக் கூடாது. மலை ஏறும்போதே முகம் வெளிறிப் போகிற பிள்ளைகளுக்கென்று டேஷ்போர்டில் எப்போதும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். கீழே வெயிலில் கிளம்பி அரைக்கால் சட்டையோடு வந்து பல் தந்தியடிக்கிற பொடியன்களுக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க மறந்துவிட்டதாக வீட்டில் வந்து சொல்வார். அந்த வகையில் இதுவரை நான்கு ஸ்வெட்டர் தமிழ்நாடு முழுக்க எங்கெங்கோ கிடக்கின்றன. வீட்டுக்காரி முருகம்மாள் ஐந்தாவதோடு பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

முருகம்மாளுக்கு மோயர் பாயிண்ட் போகிற ரோட்டோரம் கடை. கடை என்றால் நான்கு கம்பும் ஒரு நீலத் தார்ப்பாயும். கேரட்டு, பீன்ஸ், பூம்பாறையில் சொந்தக் காட்டில் விளைந்த மலைப்பூண்டு. பேரம் பேசுகிறவர்களை அவள் பார்க்கிற பார்வைக்கு, பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

போன சீசனில் அந்தக் கடைக்கு ஆலப்புழையிலிருந்து ஓர் அம்மா வந்தாள். பூண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த சூரியனைக் காட்டி, “எங்க ஊர்ல இது நேரா கடலுக்குள்ளதான் எறங்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வினை இங்கே முளைத்தது.

“ஏங்க, நான் பொறந்ததுல இருந்து இது மலைக்கு அந்தாண்ட போய் விழுகுறதத்தான் பாக்குறேன். விழுகுற எடத்த ஒரு தடவ பாக்கணும்” என்றாள் முருகம்மாள்.

“பாத்தாப் போச்சு. அடுத்த மாசம்.”

அடுத்த மாதமும் சீசன்தான். அதற்கடுத்த மாதம் பள்ளிக்கூட டூர். அப்புறம் மழை, அப்புறம் மண்சரிவு, அப்புறம் ஓணம் லீவுக்கு மேலே ஏறி வருகிற கூட்டம். கடலைப் பார்க்க இவர்கள் கேரளாவுக்குப் போக முடியாதபடி கேரளாவே இங்கே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் ரசத்தில் உப்பில்லை. மறுநாள் குழம்பிலும் இல்லை. சேனாதிபதி தட்டைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார்.

“உப்பெங்க?”

“கடல்லதான இருக்கு? அங்க போறப்ப எடுத்துட்டு வருவோம்.”

மூன்றாம் நாள் அவர் டிக்கெட் போட்டார்.

ஆனால் கையில் இருந்தது ஒரே ஒரு நாள். சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வருகிறது. மாப்பிள்ளை, பொண்ணு, இரண்டு வீட்டுச் சனம், இரண்டு முழு நாள் வண்டி. இந்த வருசத்திலேயே பெரிய சவாரி. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கி, வெள்ளிக்கிழமை ஆலப்புழை போய், சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்த கையோடு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, சனிக்கிழமை வெள்ளனே ஸ்டாண்டில் வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு அந்திதான். விட்டால் முருகம்மாளுக்கு அடுத்த மாசம்தான். அந்த அடுத்த மாசம் எப்படிப்பட்டதென்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கிளம்புகிற அன்றைக்கு ஸ்டாண்டில் ஒரு வீறாப்பும் பேசிவிட்டார்.

“ஆட்டோ ஏற மாட்டேன். கைடு வைக்க மாட்டேன். ஒருத்தங்கிட்ட வழி கேக்க மாட்டேன். இந்த டூரிஸ்ட் ஊர்ப்பயலுக என்னென்ன பண்ணுவானுகன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமாண்ணே? நீங்க பண்ணாததா?” என்றான் செல்லப்பாண்டி. போன வருசம்தான் புது வேன் எடுத்தவன். சேனாதிபதியின் சவாரியில் பாதி அந்தப் புது வேனின் ஏசிக்குள் போய்விட்டது. கொடைக்கானலில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள். வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

*

பஸ், பஸ், இன்னொரு பஸ். குமுளி தாண்டும்வரை அவர் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கோட்டயத்தில் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர் மூன்றும் பைக்குள் போனபோது, பை ஒரு ஆளைப் போல எழுந்து உட்கார்ந்தது. அங்கிருந்து போட். ஆற்றிலும் வாய்க்காலிலுமாகப் போகிற சர்க்கார் படகு. முருகம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தாள். வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடந்தது. வீடுகள் தண்ணீருக்குச் சமமாய் நின்றன.

“என்னங்க, ஊரே ஒரு தட்டுல வச்ச மாதிரில்ல கெடக்கு. ஒரு பாறை விழுந்தா உருள எடம் இல்லையே.”

“பாறை எங்க இருக்கு உருள?”

“அதான் சொல்றேன்.”

ஆலப்புழை ஜெட்டியில் இறங்கியபோது வெயில் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலத்தில் கயிறும் மிளகும் கப்பல் கப்பலாய்ப் போன துறைமுகம் இது. இப்போது கப்பல் வருவதில்லை, கம்பெனிகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன, ஊர் சுற்ற வருகிறவர்கள்தான் சரக்கு. ஜெட்டி வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. “கடலுக்கோ? கடலுக்கோ?” என்று நான்கு பேர் மொய்த்தார்கள். சேனாதிபதி கையை உயர்த்தி, ‘நமக்குள்ளேயேவா?’ என்பது போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நடந்தார். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. மூலம் உள்ளவர், உட்கார முடியாது போல என்று நினைத்திருக்கலாம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அவர்கள் ஊரான பூம்பாறையில் யாரும் இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்வதில்லை. கோயிலுக்கு மேலே, பள்ளிக்கூடத்துக்குக் கீழே, அழகுமலை வீட்டிலிருந்து கீழே இறங்கி மறுபடி மேலே. அவ்வளவுதான். கண் தெரியாவிட்டாலும் கெண்டைக்கால் சொல்லும், நீ ஏறுகிறாயா இறங்குகிறாயா என்று. ஆலப்புழையில் கெண்டைக்கால் வாயை மூடிக்கொண்டது. முன்னே போனாலும் சமம், பின்னே போனாலும் சமம். ரோட்டுக்குப் பக்கத்தில் நேர்கோடாய் ஒரு கால்வாய், அதன் மேல் ஒரு பாலம், அப்பாலும் அதே மாதிரி ஒரு பாலம்.

சேனாதிபதி இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் கால்வாயைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“தண்ணி எங்க போகும்?”

“எங்க போகும்?”

“கடலுக்குப் போகும். வேற எங்க போகும்? தண்ணி போற பக்கமே போனா கடல் வந்துட்டுப் போகுது. இதுக்குப் போயி ஆட்டோவாம்.”

கால்வாயில் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மிதந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் காலி பாட்டில் ஒன்று. இரண்டும் ஒரே திசையில், மெல்ல, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. சேனாதிபதி அந்த பாட்டிலைக் கைடாக வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

பகலில் கடலிலிருந்து நிலத்தைப் பார்த்துக் காற்று வீசும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. அம்புக்குறியெல்லாம் போட்டிருப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் படத்தில் உள்ள சூரியனுக்கு மீசை வரைந்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். சேனாதிபதி அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டவர். ஓட்டமே இல்லாமல் தேங்கிக் கிடக்கிற கால்வாயில் கடற்காற்றுதான் பாட்டிலைத் தள்ளுகிறது, அதுவும் கடலுக்கு நேர் எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க மாட்டேன் என்றுதான் சபதமாயிற்றே.

முதல் பாலம் தாண்டியதும் முருகம்மாள் முந்தானையால் பிடரியைத் துடைத்தாள்.

“ஏங்க, வெயில் முதுகுல அடிக்குது.”

“வெயில்னா அடிக்கத்தான் செய்யும்.”

“இல்ல, அது விழுகுற எடத்துக்குத்தான போறோம்? அப்ப மூஞ்சியிலல்ல அடிக்கணும்?”

“அட நீ வேற. ரோடு வளையும்ல. நம்ம ஊசிவளைவுல எத்தன தடவ மூஞ்சிக்கு வந்து முதுகுக்குப் போகுது? அது பாட்டுக்குப் போவும், வரும். சூரியன நம்பியெல்லாம் வண்டி ஓட்டக் கூடாது.”

மலையில் அது நியாயமான பேச்சுதான். ஒரே வளைவில் சூரியன் இடப்பக்கக் கண்ணாடியிலிருந்து வலப்பக்கக் கண்ணாடிக்குத் தாவும். ஆனால் இந்த ரோடு வளைகிற உத்தேசத்திலேயே இல்லை. அடிக்குச்சி வைத்துப் போட்ட கோடு மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

கரையோரம் பெரிய பெரிய கட்டடங்கள். ஓடு சரிந்த கூரை, பச்சை பிடித்த சுவர், ஆள் உயரப் பூட்டு. ஒரு கேட்டுக்குள் ஆலமரக் கன்று ஒன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முருகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன?”

“கயிறு கம்பெனியா இருக்கும். இல்ல கிட்டங்கி.”

“எம்மாம் பெருசு! சும்மாவா பூட்டிக் கெடக்கு? உள்ள பரண் போட்டுப் புகை மூட்டுனா மன்னவனூர் பூண்டு, பூம்பாறைப் பூண்டு எல்லாத்தையும் கட்டித் தொங்க விடலாம்ல.”

“கடல் பாக்க வந்தியா, பூண்டு காயப்போட வந்தியா?”

“ரெண்டுந்தான். எடம் இருக்குல்ல.”

அவள் நின்று நின்று பார்த்தாள். அவர் பாட்டிலைத் தவறவிடாமல் பார்த்தார். ஒரு பாலத்தடியில் பாட்டில் புல்லில் சிக்கியபோது, குச்சியால் தட்டி விட்டுக் காத்திருந்தார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் கரை முடிந்தது. முன்னால் பரந்த தண்ணீர். மூங்கில் கூரை போட்ட வீட்டுப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பாட்டில் நிம்மதியாகப் போய் அவற்றுக்கு நடுவே ஒதுங்கியது.

“அந்தா!” என்றார் சேனாதிபதி. “சொன்னேன்ல?”

முருகம்மாள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அலையக் காணோம்.”

“சாயங்காலம்தான் அடிக்கும்.”

“அந்தாண்ட தென்னமரம் தெரியுதே?”

சேனாதிபதி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். மரம் தெரியத்தான் செய்தது. வரிசையாக, குலையோடு தெரிந்தது. இத்தனை வருசத் தொழில் கை கொடுத்தது.

“அது இலங்கை.”

“இலங்கையில ஒரு பொம்பள துணி தொவைக்கிறா.”

“அங்கேயும் தொவைப்பாங்கல்ல?”

முருகம்மாள் படியில் இறங்கி, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். “உப்பில்ல” என்றாள்.

“மழை பெஞ்சிருக்கு. கரைஞ்சு போயிருக்கும்.”

அவள் படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். சேனாதிபதிக்கு அவள் திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். சும்மா இருக்கிறவளிடம் என்ன சொல்வது? அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். வந்த வழியில், ஊருக்கு அந்தப் பக்கம், தென்னந்தலைகளுக்கு மேலே சூரியன் மஞ்சளாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் அங்கே இருக்கிறது. இவர்கள் ஊரின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்துக் காயல் ஏரிக்கு வந்திருக்கிறார்கள்.

“முருகு.”

“ம்.”

“வழி தப்பிருச்சு.”

“தெரியும். ரெண்டாவது பாலத்துலயே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவள் கால் விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தட்டினாள். “கல்யாணமாகி வந்ததுல இருந்து ஊரு ஒலகத்துக்கெல்லாம் சுத்திக் காட்டுறீங்க. எனக்கு ஒரு நாளாச்சும் இது என்ன, அது என்னன்னு காட்டிருக்கீங்களா? இன்னைக்குத்தான் நீங்க முன்னாடி நடக்குறீங்க, நான் பின்னாடி வாரேன். தப்பாவே காட்டுனாலும் காட்டட்டும்னு வந்தேன்.”

சேனாதிபதி பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அப்புறம் மறுபடி மாற்றினார். பிறகு ரோட்டுக்கு ஓடிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

*

ஆட்டோக்காரன் பெயர் சாபு. முப்பது வயசிருக்கும். தமிழ் தெரியும், அதாவது தமிழ் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்று தெரியும்.

“கடலுக்கல்லே? கேறு சேட்டா, கேறு சேச்சி. போற வழியில ஒம்பது காட்சி உண்டு.”

“காட்சியெல்லாம் வேணாம் தம்பி. வெரசா கடலுக்குப் போ. சூரியன் விழுகுறதுக்குள்ள போகணும்.”

“சூரியன் எவிடயும் போகில்லா. ஞான் இருக்கேன் அல்லே?”

சேனாதிபதி அவன் பின்மண்டையைப் பார்த்தார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தார். கேட்டது வேறெங்கும் இல்லை, தன் தொண்டையில்தான்.

சாபு வண்டியை மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு பூட்டிய கேட்டுக்கும் பிரேக்கில் கால் வைத்தான். “இது பழைய கயிறு கம்பெனி. எங்க அம்ம இவிட ஜோலி செய்தது. சைரன் அடிச்சா பாலம் நிறைய ஆளு நடக்கும். இந்த ஊருக்குக் கிழக்கின் வெனிஸ்னு பேரு.” வெனிஸ் எங்கே இருக்கிறது என்று சேனாதிபதி கேட்கவில்லை. கொடைக்கானலை மலைகளின் இளவரசி என்று தினமும் சொல்கிறவர் அவர். ராணி யாரென்று இதுவரை எவனும் அவரைக் கேட்டதில்லை.

முருகம்மாளோ ஒவ்வொரு கேட்டிலும் தலையை வெளியே நீட்டிக் கேள்வி கேட்டாள். இது எத்தனை நாளாய்ப் பூட்டிக் கிடக்கு? சாவி யாரிடம்? மழை ஒழுகுமா? சாபுவுக்கு இப்படி ஒரு சவாரி கிடைத்ததே இல்லை. கேட்கக் கேட்க வண்டி மெதுவாயிற்று. தென்னை மட்டைகளுக்கு நடுவே சூரியன் ஒவ்வொரு மட்டையாகக் கீழே இறங்கியது.

ஒரு கடை வாசலில் வண்டி நின்றே விட்டது. வாசலெல்லாம் கயிற்று மிதியடி.

“சும்மா பாத்தா மதி. வாங்கணும்னு கட்டாயம் இல்ல” என்றான் சாபு.

முருகம்மாள் மெல்லப் புருசன் பக்கம் திரும்பினாள். “நீங்க தைலக்கடையில என்ன சொல்லுவீங்க?”

சேனாதிபதி வெளியே பார்த்தார். “சும்மா பாருங்க சார், வாங்கணும்னு கட்டாயம் இல்ல.” அவள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினாள்.

“தம்பி, இங்க பாரு,” என்றார் அவர், தொழில்காரன் தொழில்காரனிடம் பேசுகிற குரலில். “நானும் டிரைவர்தான். கொடைக்கானல். இந்த வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். வண்டிய எடு.”

சாபு எஞ்சினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“கொடைக்கானலோ? ஞான் கல்யாணம் கழிஞ்சு அவிடத்தான் வந்தது! ஒரு வேன்காரன். மங்கி குல்லா வச்ச ஒரு சேட்டன். காட்சி ஒண்ணும் கண்டில்லா, எல்லாம் வெள்ள. பின்ன ஒரு தைலக்கடை. கால் வேதனைக்கு, தல வேதனைக்கு, எல்லாத்துக்கும் நல்லதுன்னு சொல்லி ஏழு குப்பி. இப்பவும் வீட்டில உண்டு. ஒண்ணுக்கும் கேட்டில்லா சேட்டா!”

கொடைக்கானலில் வேன் ஓட்டுகிற அத்தனை பேரும் மங்கி குல்லாதான் போடுகிறார்கள். அது சேனாதிபதியாகவும் இருக்கலாம், செல்லப்பாண்டியாகவும் இருக்கலாம், இருவருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிற முருகானந்தமாகவும் இருக்கலாம். சேனாதிபதி மடியில் இருந்த பையைக் காலடிக்குத் தள்ளினார். ஜிப் சரியாக மூடாத வாயிலிருந்து குல்லாவின் குஞ்சம் எட்டிப் பார்த்தது. காலால் அதை உள்ளே அமுக்கினார்.

“அது செல்லப்பாண்டின்னு ஒரு பய. அவன் அப்படித்தான்” என்றார்.

“இந்த சேட்டனை ஞான் அவிட கண்டிருந்தா எத்தர நல்லது” என்றான் சாபு, உண்மையாகவே.

அதற்கப்புறம் கடைக்குள் போகாமல் எப்படி இருப்பது? ஏழு குப்பி. ஒரு டிரைவர் கடை வாசலில் ஆளை இறக்கினால்தான் அவன் பெயரில் கமிஷன் விழும் என்பது சேனாதிபதிக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் முருகம்மாளைச் சேர்க்க மறந்துவிட்டார்.

ஆயுசு முழுக்க விலை சொல்கிற பக்கத்தில் நின்றவள், முதல் தடவையாக விலை கேட்கிற பக்கத்தில் நின்றாள். அதன் ருசி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கடைக்காரர் ஒன்று சொன்னார். அவள் சிரித்தாள். அவர் மிதியடியின் முடிச்சைக் காட்டினார். அவள் அதே முடிச்சில் பிசிறைக் காட்டினாள். போகிற மாதிரி வாசல்வரை வந்தாள், கூப்பிட்டார், திரும்பிப் போனாள்.

“முருகு, நேரமாச்சு!”

“இருங்க, எறங்கி வாராரு.”

“சூரியனும் எறங்குது!”

“இதோ ஆச்சு.”

ஆனது. மிதியடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உலகக் கோப்பை வாங்கியவள் போல வந்து ஆட்டோவில் ஏறினாள். சாபு இப்போது பறந்தான். ஒரு ஆட்டோ எவ்வளவு பறக்குமோ அவ்வளவு. லைட் ஹவுஸ் தாண்டி, சவுக்கு மரம் தாண்டி, மணலில் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றபோது, மேற்கே வானம் செக்கச்செவேல் என்று இருந்தது. கடல் செக்கச்செவேல் என்று இருந்தது. கரையில் இருந்த கூட்டம் எழுந்து, பின்பக்கத்து மணலைத் தட்டிக்கொண்டு, எதிரே வந்துகொண்டிருந்தது.

சூரியன் மட்டும் இல்லை.

“இப்பந்தான் போனது” என்றார் கடலை விற்கிறவர். ஏதோ பஸ் போனதைச் சொல்வது போல.

முருகம்மாள் கரைக்குப் போய் நின்றாள். பழைய துறைமுகத்துப் பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன, மேலே பாலம் இல்லாமல். அலை வந்து கணுக்கால்வரை நனைத்தது. இந்த முறை அவள் விரலை நனைத்து நாக்கில் வைக்கவில்லை. இது எதுவென்று சொல்ல நாக்கு தேவைப்படவில்லை. சேனாதிபதி இரண்டடி தள்ளி, மிதியடியைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற திட்டுக்காக நின்றார்.

அவள் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

“சரி, வாங்க போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. காலைல ஒங்களுக்குச் சவாரி இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். உப்பில்லாத ரசம் வைத்தவள், பாதி விலைக்கு ஒரு கடைக்காரரை இறக்கியவள், ஒரு சூரியனுக்காக ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. சேனாதிபதி மிதியடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். போனை எடுத்தார்.

“ஏலே செல்லப்பாண்டி, நாளைக்குக் கல்யாணப் பார்ட்டிய நீ எடுத்துக்க.”

“என்னண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ரெண்டு நாள் சவாரிண்ணே! யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இங்க ஒரு பாயிண்ட் பாக்கி இருக்குடா. பாத்துட்டுத்தான் வருவேன்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் முருகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பயலுக்கா குடுத்தீங்க?”

“ஆமா.”

“அவன் ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிப்பானே.”

“சிரிக்கட்டும். அவன் வேன்ல ஏசி இருக்கு, கடல் இருக்கா?”

*

லாட்ஜும் சாபுதான் பிடித்துக் கொடுத்தான். அதிலும் அவனுக்கு ஏதோ இருக்கும். சேனாதிபதி கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை ஒன்பது காட்சியையும் ஒன்று விடாமல் பார்த்தார்கள். மூட்டமில்லாத ஊர், எல்லாமே தெரிந்தது. ஒரு பூட்டிய கம்பெனி வாசலில் வாட்ச்மேனைப் பிடித்து, உள்ளே பூண்டு தொங்கவிட மாச வாடகை என்ன வரும் என்று முருகம்மாள் விசாரித்தாள். இவள் எந்த டிபார்ட்மெண்ட் அதிகாரியோ என்று வாட்ச்மேன் எழுந்து நின்று பதில் சொன்னார்.

மத்தியானச் சோறு முடிந்ததும் கடற்கரைக்கு வந்து மிதியடியைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். அந்த வெயிலில் கரையில் இருந்தது அவர்களும் மூன்று நாயும்தான். மிதியடி ஒருத்தர் உட்காரவே போதாது. அவர் மணலில் உட்கார்ந்து, அவளை மிதியடியில் உட்கார வைத்தார். நிழல் நீண்டது, கூட்டம் சேர்ந்தது, கடலைக்காரர் வந்தார், இரண்டு தடவை வாங்கினார்கள்.

சூரியன் சிவந்து, பெரிதாகி, கீழ்ப்பக்கம் கொஞ்சம் சப்பையாகித் தண்ணீரைத் தொடப்போகிற நேரம். பின்னாலிருந்து ஒரு கை சேனாதிபதியின் தோளைத் தட்டியது. சட்டையும் கண்ணாடியுமாக ஓர் இளைஞன், பக்கத்தில் பொண்டாட்டி, இடுப்பில் பிள்ளை. போனை நீட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, ஒரே ஒரு போட்டோ. நாங்க மூணு பேரும், பின்னாடி சூரியன்.”

யார் போனை நீட்டினாலும் வாங்கி, கொஞ்சம் இடது, கொஞ்சம் சிரிங்க, பாப்பா இங்க பாரு என்று ஆயிரம் குடும்பங்களை நிறுத்தி வைத்துக் கிளிக் செய்த கை அது. பழக்கத்தில் தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது.

“வேற யாரையாச்சும் கேளுங்க தம்பி” என்றார் சேனாதிபதி. “நான் சோலியா இருக்கேன்.”

“சும்மாதான உக்காந்திருக்கீங்க?”

முருகம்மாள் திரும்பவே இல்லை. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், ரோட்டோரக் கடையில் பேரம் பேசுகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

“தம்பி, மறைக்காம கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க.”